முறை வாரம்

நாலு பேர் காசு போட்டு வாங்கினோம் ஒரு பைனாகுலர்.
மத்திய வீதிப் பழஞ்சாமான் கடையில்
சுற்றாத மின்விசிறிகளுக்கும்
கைப்பிடி போன இஸ்திரிப்பெட்டிக்கும் நடுவில் கிடந்தது.
பன்னிரண்டாயிரம் என்றார் கடைக்காரர்.
கிருஷா அதை வெளிச்சத்தில் பிடித்து
"வலது கண்ணில் பூஞ்சணம்" என்றாள்.
ஒன்பதுக்கு இறங்கினார்.
பார்மசியில் வேலை அவளுக்கு,
காலாவதித் திகதி தேடிப் பழகிய கண்.

ஆளுக்கொரு கிழமை.
ஞாயிறு பின்னேரம் டச்சுக்குடா மணலில் கைமாறும்
கச்சான் சுருளோடு,
கூடவே ஒரு நாற்பது பக்கக் கொப்பி.
என்ன கண்டாய், எத்தனை மணிக்கு:
எழுதியே ஆகவேண்டும்.
சட்டம் போட்டவன் டெறன்ஸ்.
முதலில் மீறியவனும் அவன்தான்.
பாலையூற்றில் ஒரு மொட்டைமாடியை
மூன்று நாள் பார்த்துவிட்டு
"மீன்கொத்தி, பெண்" என்று எழுதியிருந்தான்.
கிருஷா சிவப்புப் பேனையால் கீழே கேட்டிருந்தாள்:
"மீன்கொத்தி துவாய் காயப்போடுமோ?"

என் பக்கங்கள் ஒழுங்கானவை.
நீர்வழங்கல் சபைக் கருமபீடத்தில்
ஊரார் குடித்ததையும் குளித்ததையும்
அலகு அலகாய் எண்ணிவிட்டு வருகிறவள்
வேறெப்படி எழுதுவாள்?
"மா ஆலைக் கப்பல், சிவப்பு வயிறு, நாலாம் நாளாக நிற்கிறது.
மேல்தட்டில் ஒருவன் கயிறு பாய்கிறான். 6.15."
"பஸ் நிலையத்தடியில் மான் ஒன்று
லொத்தர் சீட்டைத் தின்றது. 7.10.
பரிசு விழுந்த சீட்டோ தெரியாது."
"கோட்டைக்கு மேல் கடற்கழுகு.
இரண்டு காகம் துரத்த, அவசரப்படாமல் போனது."

நஃப்லான் மட்டும்
தன் முறை வரும்போதெல்லாம் ஒரே சொல்:
"ஒன்றுமில்லை."
ஏழு நாளுக்கும் ஏழு.
நேரம் மட்டும் பிசகாமல்,
5.40, 5.35, 5.40, 5.50.
மூதூரில் வீடு, இங்கே ஒரு வாடகை அறை,
சீமெந்து ஆலையில் இரவு வேலை.
"பையைத் திறக்கிறதே இல்லை இவன்" என்றான் டெறன்ஸ்,
"ரெண்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபா வீண்."
நஃப்லான் சிரித்தான்.
கச்சான் கோதுகளை ஒவ்வொன்றாய்
சுருளுக்குள்ளேயே திருப்பிப் போட்டான்.
மணலில் எதையும் போடமாட்டான் அவன்.

போன வியாழன், என் முறை.
உவர்மலை வீட்டு மாடியில்
தண்ணீர்த்தாங்கி ஏணியின் மூன்றாம் படியில் நின்று
உள்துறைமுகத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.
ஒரு இழுவைப்படகு, அதன் புகை,
கடற்படைக்காரர் ஒருவரின் கொட்டாவி,
பிறகு வட்டத்துக்குள் வந்தான் நஃப்லான்.

மோட்டார் சைக்கிளை ஒருக்களித்து விட்டு
மடியில் ஹெல்மெட்டோடு
படகுத்துறைச் சுவரில் இருந்தான்.
கையில் போன் இல்லை.
அவன் பார்த்த பக்கம் நானும் திருப்பினேன்.
படகு இல்லை, பறவை இல்லை,
தண்ணீர், அதற்கப்பால் தண்ணீர்,
வலது கண்ணில் பூஞ்சணம்.
திரும்ப அவனிடமே வந்தேன்.
ஹெல்மெட்டின் உட்புறத்தை
பெருவிரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.
உதடு அசைந்தது.
பாட்டோ, ஓதலோ,
மேற்பார்வையாளருக்குச் சொல்லாமல் வந்த பதிலோ.
மூன்று வருடம் பக்கத்தில் இருந்து கச்சான் தின்றும்
இவ்வளவு கிட்டத்தில் அவனைப் பார்த்ததில்லை.

மீட்டர் வாசிக்கப் போன இடத்தில்
யன்னலுக்குள் எட்டிப் பார்த்தது போலாயிற்று.
கண்ணை எடுத்தேன்.
வெறுங்கண்ணுக்கு அவன்
சுவரில் ஒரு புள்ளி, அதுவும் சந்தேகம்.
கொப்பியில் வியாழனுக்கு நேரே
மணி பார்த்து எழுதினேன்:
"5.40. ஒன்றுமில்லை."

ஞாயிறு கைமாறியது.
அடுத்த முறை அவனுடையது.
பக்கங்களைப் புரட்டி வந்தவன்
வியாழனில் கொஞ்சம் நின்றான்.
"உனக்கும் தொத்திட்டுதோ?" என்றான் டெறன்ஸ் என்னைப் பார்த்து.
கிருஷா சிவப்புப் பேனையைத் தேடினாள்.
நஃப்லான் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தான்,
வார் அறுந்திருப்பதாகவும்
தைக்கக் கொடுப்பதாகவும் சொன்னான்.

இப்போது செவ்வாய், பின்னேரம்.
துணி எடுக்க மாடிக்கு வந்திருக்கிறேன்.
துறைப்பக்கம் பார்த்துக் கை அசைக்கலாமா என்று
ஒரு தலையணை உறை மடிக்கும் நேரம் யோசித்தேன்.
பிறகு துவாயையும் எடுத்துக்கொண்டு
கீழே இறங்கிவிட்டேன்.